புதிதாக ஒன்றுமில்லை

பேருந்தில் ஓட்டுநரோடு சேர்த்து ஐந்தே பேர். பாரசீகப் புது வருஷம் பிறந்து பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் வருஷம் முழுக்கப் பீடை என்று தெஹ்ரான் நகரமே விரிப்பும் தேநீர் கொதிக்கவைக்கும் சமோவாருமாக ஊருக்கு வெளியே ஓடைக்கரை தேடிப் போய்விட்டிருந்தது. தனிஸ்லாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் ஆரஞ்சுப் பழப் பையை வைத்திருந்தான். முதலில் இனிப்புக் கடைக்குத்தான் போனான், கடலைமாவில் செய்த மஞ்சள் வில்லைகளைக் காட்டி அரைக் கிலோ என்றும் சொல்லிவிட்டான், கடைக்காரன் தராசில் அள்ளிப் போடும்போதுதான் சாவு வீட்டுக்கு இனிப்பா என்று உறைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தான். சாவு வீடுதானா அது, குழந்தை செத்தது இங்கே இல்லையே, எல்லைப்புற முகாமில், போன புதன்கிழமை. ஆனாலும் அம்மாவும் அப்பாவும் இருக்கிற இடம்தானே சாவு வீடு. மூன்று நாளைக்கு முன்னால் அலுவலகத்தில் தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்தபடி கிதிர், "சின்னது அங்கேயே தங்கிவிட்டது" என்றார். இருவருக்குமே பாரசீகம் அரைகுறை. தனிஸ்லாஸ் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு, "யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டான், அதுவும் சிரித்த முகமாக. கிதிர் ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டினார். அந்த விரலில் தேயிலைக் கறை இருந்தது. அதற்கப்புறமும் இரண்டு விநாடி அவனுக்குப் புரியவில்லை, கீழ்த்தளத்தில் விட்டிருக்கிறாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடிற்று. அந்த இரண்டு விநாடியை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது. ஆனால் அது பரவாயில்லை, அது தெரியாமல் செய்தது. தெரியாமல் செய்ததையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடலாம். தெரிந்தே செய்தது ஒன்று அந்த மூட்டைக்குள் போக மாட்டேன் என்கிறது.

கிதிர் அவனைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர். ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் தெஹ்ரான் அலுவலகத்தில் தேநீர் போடுவது, பெருக்குவது, தபால் கொண்டுபோவது எல்லாம் அவர்தான். தனிஸ்லாஸ் டெலெக்ஸ் இயக்குபவன். ஈராக்கின் வடக்கு மலையில் சோமான் என்ற ஊர் கிதிருக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம். போர் தொடங்கியதும் மனைவியையும் கைக்குழந்தையையும் அங்கே விட்டுவிட்டு, சம்பாதித்து அனுப்பலாம் என்று இந்தப் பக்கம் வந்தவர். மூத்தவராக இருந்தும் அவனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை கேட்டபோது தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தூத்துக்குடியில் அவன் வீட்டுக்கு எதிரே உப்பு வியாபாரம் பார்த்த காயல்பட்டினத்து மரைக்காயர் வீட்டிலும் அண்ணனைக் காக்கா என்பார்கள். குர்து பாஷையிலும் அண்ணனுக்கு அதே சொல். எத்தனை மைல் தள்ளி, யார் யாரிடமிருந்து வாங்கிய சொல்லோ. "மனைவி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள்," என்றார் கிதிர் நேற்று. "தெஹ்ரானில் எனக்கு ஒரு காக்கா இருக்கிறார், உலகத்துச் செய்தியெல்லாம் அவர் கையில்தான் முதலில் வரும் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதியிருந்தேன் இல்லையா. நாளைக்கு எல்லோரும் வெளியே போவார்கள், நாங்கள் எங்கே போக, வந்து எங்களோடு சாப்பிடுங்கள்." வர முடியாது என்று சொல்வதற்கு நாலு காரணம் நாக்கில் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, வருகிறேன் என்றான். உலகத்துச் செய்தியெல்லாம் அவர் கையில்தான் முதலில் வரும். அதை அந்த அம்மாள் சோமானில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள்.

ஒரு வருஷமாக அந்தப் போர் அவன் விரல் வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. தங்களுக்கென்று சொந்த ஆட்சி வேண்டும் என்று ஈராக்கின் குர்துகள் எடுத்த துப்பாக்கி ஈரான் கொடுத்தது. மலையில் இருந்த பெரிய பீரங்கிகள் ஈரானுடையவை. ஈரானுக்குப் பின்னால் அதைவிடப் பெரிய கை ஒன்று உண்டு என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தாளில் 'தகவலறிந்த வட்டாரங்கள்' என்றுதான் வரும். தனிஸ்லாஸ் அதைத் தட்டுவான், காகித நாடாவில் துளை விழும், மறுமுனையில் லண்டனிலோ பாரிசிலோ அது மறுபடி எழுத்தாகும். அவனுக்கு அர்த்தம் தேவையில்லை. பிரெஞ்சு தெரியாமலே பிரெஞ்சு தட்டுவான், பிழை இருக்காது. எழுத்தை மட்டும் பார், அர்த்தத்தைப் பார்த்தால் கை தடுமாறும் என்பது தொழிலில் முதல் பாடம். கிதிர் தேநீர் வைக்க வரும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். "எங்களைப் பற்றியா?" ஆமாம் என்பான். "நல்லதா?" நல்லதுதான். "ஷா கைவிட்டாலும் விடுவார், ராஜாக்கள் குணம் அது. அமெரிக்கா விடாது. பேசியதைப் பேசியபடி செய்கிறவர்கள்," என்று அவரே தனக்குச் சொல்லிக்கொள்வார், அப்புறம், "இந்தியா எங்கள் பக்கம்தானே காக்கா?" என்பார். ஆமாம், எங்கள் ஜனங்கள் எல்லாம் உங்கள் பக்கம்தான். எவ்வளவு எளிதாகச் சொன்னான். தூத்துக்குடியில் குர்து என்றால் என்னவென்று கேட்டால் வயிற்றுக்கு ஏதாவது மருந்தா என்பார்கள். அவன் அம்மையிடம் கேட்டால், ஞானஸ்நானம் வாங்கின ஆட்களா லே என்று கேட்பாள். கிதிரின் முகம் அந்தப் பதிலுக்கு மலரும், தேநீரில் சர்க்கரை கூடுதலாக விழும். ஒரு குவளை தேநீருக்கு ஒரு தேசத்தையே ஆதரவாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெரிய தேசங்கள் கொடுத்த ஆதரவும் அந்த மாதிரிதானோ, அவர்களுக்கும் அந்த நேரத்துக்குச் சொல்ல நன்றாக இருந்ததோ. இல்லை. அவர்கள் எண்ணிப் பார்த்துக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நீ அதுகூட இல்லை, தனிஸ்லாஸ்.

வியாழக்கிழமை. மார்ச் ஆறு. ஏழு அடிக்கப் பத்து நிமிஷம். அவசரச் செய்தி வந்தால் இயந்திரம் மணி அடிக்கும், அன்றைக்கு அடித்தது. அல்ஜியர்சிலிருந்து. ஈரானும் ஈராக்கும் எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டன, ஆற்று எல்லை ஈரான் கேட்டபடி அமையும், இரு பக்கமும் எல்லையைக் கண்டிப்பாகக் காவல் காக்கும், ஊடுருவல் அனைத்தும் முடிவுக்கு வரும். குர்து என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் இல்லை. ஒரு வருஷமாக அர்த்தம் பார்க்காமல் தட்டியவனுக்கு அன்றைக்குப் பார்த்து எல்லா அர்த்தமும் ஒரே மூச்சில் விளங்கிற்று. முடிந்தது, பீரங்கியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நாளைக்கே. உள்ளறையில் அலுவலகத் தலைவர் ஹார்விக் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். தனிஸ்லாஸ் நாடாவைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு நிற்கையில் கிதிர் வந்தார், மேல்கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, கிளம்புகிற கோலத்தில். "காக்கா, என் சித்தப்பா மகன் ஓட்டுகிற பஸ் எட்டு மணிக்கு எல்லைப் பக்கம் புறப்படுகிறது. அங்கே மாவு ஏற்றுகிற லாரிக்காரர்களிடம் சொன்னால் சோமானுக்குச் சேதி போய்விடும். குலாலாவைக் குழந்தையோடு இங்கே வரச் சொல்லவா, அங்கேயே இருக்கச் சொல்லவா என்று யோசிக்கிறேன். பெரிய செய்தி ஏதாவது உண்டா?" நாடா விரலில் இருந்தது. இடது கை, நடுவிரல், மூன்று சுற்று. "புதிதாக ஒன்றுமில்லை," என்றான் தனிஸ்லாஸ். கிதிர் தலையாட்டினார். "அப்படியானால் இருக்கட்டும். கணவாயில் பனி. சின்னதைத் தூக்கிக்கொண்டு நடக்க அவளால் ஆகாது." படியிறங்கும் சத்தம், இரண்டாம் மாடி, முதல் மாடி, கதவு. அதற்கப்புறம் மனம் நேராக வெள்ளிக்கிழமை காலைக்குப் போய்விடும். படுக்கையில் கண் விழிக்கிறான், மேற்கூரையில் ஒரு விரிசல். நடுவில் இருந்த மாலையை அது தொடுவதே இல்லை, குழியைத் தாண்டுகிற மாதிரி ஒரே தாண்டு.

ஏன் சொல்லவில்லை. பேருந்து பெரிய சதுக்கத்தைச் சுற்றித் தெற்கே திரும்பியபோது அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ஹார்விக்கின் விதி இருந்தது. இயந்திர அறையில் வருவது இயந்திர அறையைவிட்டுப் போகக்கூடாது. ஆனால் இன்னும் கால் மணியில் அதை உலகத்துக்கே சொல்லப் போகிறார்கள், ஒரு மனிதனிடம் கால் மணி முன்னால் சொன்னால் எந்த விதி உடையும்? சரி, பயம். கீழ்த்தளத்தில் நாளெல்லாம் ஒரே பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள், ரகசியப் போலீஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த ஆள், அவன் காதில் விழுந்தால் வேலை அனுமதி போய்விடும், தங்கச்சி ரோஸ்லின் கல்யாணம் நிற்கும். நல்ல காரணம். ஆனால் அந்த வியாழக்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது, அவனே பார்த்தான். பாஷை தெரியவில்லை, ஊடுருவலுக்குப் பாரசீகத்தில் என்ன என்று தெரியாது. ஊடுருவலை யார் கேட்டார்கள்? வரச் சொல்லவா, இருக்கச் சொல்லவா என்றுதானே கேட்டார். வா என்பதற்குப் பாரசீகச் சொல் அவன் இந்த ஊரில் இறங்கிய முதல் நாள் கற்றது, டாக்சிக்காரர்களிடமிருந்து. ஒருவேளை அவ்வளவு மோசமாக இருக்காது என்று நினைத்திருப்பானோ? இல்லை, நினைக்கவில்லை. இப்படி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பான், ஒவ்வொன்றும் ஈர மண் மாதிரி கையில் உதிரும், கடைசியில் படியிறங்கும் சத்தம் மட்டும் மிஞ்சும். சனிக்கிழமை காலை கிதிர் பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முகம் வெள்ளைச் சுவராக இருந்தது. "இது வியாழக்கிழமை உங்கள் மெஷினில் வரவில்லையா?" "நீங்கள் போனபிறகு வந்தது," என்றான். இது மட்டும் கொஞ்சமும் தடங்கலில்லாமல் வந்தது. அன்றைக்கே கிதிர் விடுப்புக்கூடக் கேட்காமல் எல்லைக்குக் கிளம்பிப் போனார். அடுத்த ஞாயிறு தனிஸ்லாஸ் கோவிலுக்குப் போய் இத்தாலியச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான், ஆங்கிலத்தில். பொய் சொன்னேன் சுவாமி. எத்தனை தடவை? இரண்டு தடவை. பின்னால் வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள், சாமியாருக்கு ஜலதோஷம், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று சொன்னான். மூன்றாவது முடியும்போது, இவ்வளவுதானா என்று ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நிம்மதியும் சேர்ந்துகொண்டு இரண்டு பாவம் மூன்றாயிற்று.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தான். சாலையோர வாய்க்காலில் பனி உருகிய தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, புது வருஷத்துக்கென்று தட்டில் முளைக்கவைத்த கோதுமைப் பயிரை இன்றைக்கு ஓடுகிற தண்ணீரில் எறிய வேண்டுமாம், பச்சைப் பச்சையாக வேர்க் கொத்துகள் மிதந்து வந்தன. ஒன்று பாலத்துச் சுவரில் தட்டி நின்று சுழன்றது. அவன் கால் தானாக நின்றது. நிற்காதே, நட. இன்னும் கணக்குப் போடு. அன்றைக்கு வா என்று சேதி போயிருந்தால் வெள்ளி இரவு சோமானில் கிடைத்திருக்கும். சனிக்கிழமை கிளம்பியிருப்பார்கள். கணவாயில் அப்போது பனி உண்டு, ஆனால் கூட்டம் இல்லை, விமானம் இல்லை, லாரியில் இடம் கிடைத்திருக்கும். பத்தாம் தேதி தெஹ்ரான் வந்திருப்பார்கள், முகாமுக்கே போயிருக்க வேண்டாம். முகாமுக்குப் போகாவிட்டால் ஒரு கூடாரத்தில் முப்பது பேர் இல்லை. முப்பது பேர் இல்லாவிட்டால் அந்தத் தட்டம்மை இல்லை. இரண்டரை வயசுப் பிள்ளை, ஷிலான் என்று பேர், மலையில் காய்க்கிற ஏதோ சிவப்புப் பழத்தின் பேராம், இந்நேரம் இந்த வாய்க்கால் ஓரத்தில் நின்று பயிரை எறிந்துகொண்டிருக்கும். கணக்கு எங்கேயும் இடறவில்லை. இடறாதா என்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று பார்த்துக்கொண்டே போனான். இல்லை, அந்த ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போட்டாயா, அவர்கள் போட்டார்கள், விருந்து சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், தனிஸ்லாஸ் என்று ஒருவன் பூமியில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சரி. ஆனால் அவர்களிடம் கிதிர் வந்து கேட்கவில்லையே. மேல்கோட்டு மாட்டிக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, காக்கா என்று கூப்பிட்டு, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்டார்.

செங்கல் சுவர் வைத்த முற்றம், மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய், சுற்றி நாலு குடித்தனம். மற்ற மூன்றிலும் பூட்டுத் தொங்கிற்று. கிதிர் வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். ஒற்றை அறை. தரையில் விரிப்பு, மடித்து வைத்த போர்வைகள், மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை. குலாலா எழுந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். பனிமேல் பட்டுத் திரும்பும் வெயிலில் முகம் கருகி மூக்கிலும் கன்னத்திலும் தோல் உரிந்துகொண்டிருந்தது, வலது காலில் துணிக்கட்டு. பழப் பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். "வந்ததற்கு நன்றி என்கிறாள்," என்றார் கிதிர். குலாலாவுக்குக் குர்து மட்டும்தான். அவள் பேசுவாள், கிதிர் அதைத் தன் உடைந்த பாரசீகத்தில் சொல்வார், தனிஸ்லாஸ் அதைத் தனக்குள் தமிழாக்கிக்கொள்வான், மூன்று கை மாறி வந்து சேரும். ரொட்டி வைத்தாள், தயிர் வைத்தாள், இலையில் சோறு பொதிந்து வேகவைத்தது வைத்தாள். அவன் தட்டில் மட்டும் நெய். அவன் சாப்பிட்டான். சாப்பிடுகிற சத்தம் தலைக்குள் பெரிதாகக் கேட்டது. சொல்லிவிட வேண்டும், இந்த வாய் முடிந்ததும் சொல்லிவிட வேண்டும், இல்லை, சாப்பாட்டின் நடுவில் எப்படி, தேநீர் வரட்டும். இந்த நெய் தொண்டையில் இறங்கிய பிறகு எப்படிச் சொல்வது, இறங்குவதற்கு முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும். அவள் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினாள். குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. பதினெட்டாம் தேதிவரை சோமானில்தான் இருந்தார்களாம். பீரங்கியெல்லாம் ஓர் இரவில் காணாமல் போனது, சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுக்காமல் ஈரான் சிப்பாய்கள் போய்விட்டார்கள், திரும்ப வருவார்கள் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் விமானங்கள் வந்தன.

"இருக்கச் சொல்லிச் சேதி அனுப்பியதாக இவர் முகாமில் சொன்னபோதுதான் எனக்கே தெரியும்," என்றாள் குலாலா, கிதிரைப் பார்த்துக் கையைக் காட்டி. கிதிர் அதை மொழிபெயர்த்துவிட்டு, அவள் மேலே சொன்னதையும் சொன்னார். "எந்தச் சேதியும் வரவில்லை என்கிறாள். என் சித்தப்பா மகன் முகாமுக்கு வந்து அழுதான். அன்றைக்கு இரவு பஸ் வழியிலேயே பனியில் மாட்டி மூன்று நாள் நின்றுவிட்டது. லாரிக்காரர்களை அவன் பார்க்கவே இல்லை. வா என்று சொல்லி அனுப்பியிருந்தாலும் போயிருக்காது, போ என்று சொல்லி அனுப்பியிருந்தாலும் போயிருக்காது. நான் அன்றைக்கு அவ்வளவு யோசித்தேனே காக்கா, வரச் சொல்வதா இருக்கச் சொல்வதா என்று, எல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே கிடந்தது."

தனிஸ்லாஸின் நெஞ்சு துள்ளிற்று. நிஜமாகவே துள்ளிற்று, பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கும்போது தன் பேர் தேர்ச்சிப் பட்டியலில் வந்ததும் துள்ளுகிற மாதிரி. போகவில்லை. சேதி போகவேயில்லை. வாய்க்கால் ஓரத்தில் நின்று நின்று போட்ட கணக்கு முதல் படியிலேயே தப்பு, வெள்ளி இரவு இல்லை, பத்தாம் தேதி இல்லை, ஒன்றுமில்லை, நான் என்ன சொல்லியிருந்தாலும் ஒன்றுதான், மாதாவே, நான் இல்லை, நான் செய்யவில்லை. இருபத்தேழு நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி நடந்து போயிற்று. கை தானாக நீண்டு இன்னொரு ரொட்டியை எடுத்தது. எடுத்துப் பிய்க்கும்போதுதான் பார்த்தான், குலாலா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு முதலில் கண் சிவந்தது, அப்புறம் காது ஓரத்தில் புள்ளி புள்ளியாக வந்தது என்று தன் காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கிதிர் தலையைக் குனிந்து வார்த்தை வார்த்தையாக மாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு நடுவில் இவன் உட்கார்ந்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். வாயில் அநேகமாகச் சிரிப்புக்கூட இருந்திருக்கும். ரொட்டி கையிலிருந்து விரிப்பில் விழுந்தது. குழந்தையைப் பற்றி ஒரு நாளாவது அழுதிருக்கிறாயா நீ? முகம்கூடத் தெரியாது. உன் தலையில் விழுமா விழாதா என்பதைத் தவிர இத்தனை நாளும் வேறு எதையாவது நினைத்தாயா? விழாது என்று தெரிந்ததும் ரொட்டி எடுக்கிறாய். இப்போது சொன்னால் உனக்கு ஒரு சேதமும் இல்லை, அதனால்தான் நாக்கு நுனிவரைக்கும் வந்து நிற்கிறது. அதற்காகச் சொல்லாமலும் இருந்துவிடுவாயா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனேதான் நின்றான். அவள் பேசி முடித்துக் கையை மடியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றான் தனிஸ்லாஸ்.

"என்ன தெரியும்?"

"வியாழக்கிழமை. நீங்கள் வந்து கேட்டபோது செய்தி வந்துவிட்டது. என் கையில் இருந்தது. ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். சனிக்கிழமை சொன்னதும் பொய்."

கிதிர் அவனையே பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"எத்தனை மணிக்கு வந்தது?"

"ஏழு அடிக்கப் பத்து நிமிஷம்."

"நான் வந்தது?"

"ஏழு."

குலாலா கணவனிடம் ஏதோ கேட்டாள். குரலை உயர்த்தி மறுபடி கேட்டாள். ஏதாவது வேறு சொல்லிச் சமாளிப்பார் என்று ஒரு கணம் தனிஸ்லாஸ் ஆசைப்பட்டான், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறார், அப்படி ஏதாவது. கிதிர் சமாளிக்கவில்லை. மெதுவாக, முழுவதையும் சொன்னார். அவன் பேரும் ஏழு மணி என்பதும் அந்தப் பேச்சில் அவனுக்கே விளங்கிற்று. குலாலா அவன் பக்கம் திரும்பினாள். உரிந்த தோலுக்கு நடுவே கண் மட்டும் புதிதாக இருந்தது. அவள் நீளமாகப் பேசினாள், நடுவில் கிதிர் கையை உயர்த்தி நிறுத்தப் பார்த்தார், அவள் நிற்கவில்லை.

"அவள் சொல்கிறாள்," என்றார் கிதிர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஷா ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியும், அவருக்கு ஆறு கிடைத்தது. அமெரிக்காக்காரன் ஏன் செய்தான் என்று தெரியாது. அவன் எங்கே இருக்கிறான், எப்படிப் போய்க் கேட்பேன். எங்களுக்கு உதவி செய்கிறேன் என்று சொன்னவர்களில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது இவர் ஒருவர்தான். அதனால் இவரைக் கேள். உங்களுக்கு அதில் என்ன கிடைத்தது?"

விதி என்று சொல்லலாம். கீழ்த்தளத்து ஆள், தங்கச்சி கல்யாணம். எல்லாம் வரிசையில் நின்றன. அவன் வாயைத் திறந்தபோது, மனம் இருபத்தேழு நாளாகத் தாண்டித் தாண்டிப் போன அந்த மாலைக்குள் காலை வைத்துவிட்டது. அவன் தங்கியிருந்த அறை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்குகிற காகிதப் பொட்டலம். காஸ்பியன் கடலிலிருந்து வருஷப் பிறப்புக்கு முன்னால் வருகிற வெள்ளை மீன், அன்றைக்கு மத்தியானம் வாங்கியது, நாலு மாசத்துக்கப்புறம் கண்ணில் பட்ட மீன். அம்மை அனுப்பிய புளியில் கடைசி உருண்டை மிச்சமிருந்தது. கிதிரிடம் செய்தியைச் சொன்னால் அவர் உட்கார்ந்துவிடுவார், கேள்விமேல் கேள்வி கேட்பார், அழுவார், கூடவே பஸ் நிலையத்துக்குப் போக வேண்டிவரும், திரும்ப ஒன்பது பத்து ஆகும், மீன் கெட்டுவிடும். அவ்வளவுதான் நினைத்தான். அதை நினைத்ததற்கு அப்புறம்தான் மற்றக் காரணமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதை மூடிக்கொண்டன.

"மீன்," என்றான் பாரசீகத்தில். "மாஹி. வீட்டில் மீன் வாங்கி வைத்திருந்தேன். சீக்கிரம் போய்ச் சமைக்க வேண்டும் என்று இருந்தது."

கிதிர் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை, குலாலாவே தலையைச் சாய்த்து அவனிடம் நேராகக் கேட்டாள்: "மாசி?" குர்து மொழியில் மீனுக்கு அதுதான் சொல்போல. தூத்துக்குடியில் மாசி என்றால் காய்ந்த சூரைக் கருவாடு. இந்த ஒரு சொல்லுக்கு அவர்களுக்கு நடுவில் ஆள் வேண்டியிருக்கவில்லை. "மாசி," என்று அவன் தலையாட்டினான். அவள் ஒரு சின்ன வாக்கியம் சொன்னாள். கிதிர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நன்றாக இருந்ததா என்று கேட்கிறாள்."

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. வாயில் வைக்க முடியவில்லை, கொட்டிவிட்டேன், தூக்கம் வரவில்லை என்று ஏதாவது சொல்லலாம். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நன்றாக இருந்தது," என்றான். "சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்."

கிதிர் அதை அவளிடம் சொன்னார். குலாலா கேட்டுக்கொண்டாள். எட்டி அவன் முன்னால் இருந்த தட்டை எடுத்து, விழுந்து கிடந்த ரொட்டித் துண்டையும் எடுத்து அதில் வைத்து, கட்டுப் போட்ட காலை ஊன்றி மெல்ல எழுந்தாள். கதவருகில் போய், திரும்பாமல் ஏதோ சொன்னாள். ஏழெட்டுச் சொல் இருக்கும். கடைசியில் குரல் ஏறாமல் சமமாக நின்றது, கேள்வி இல்லை.

"என்ன சொன்னார்கள்?"

கிதிர், "அதை நான் சொல்ல மாட்டேன்," என்றார். எழுந்து அவன் கோட்டை எடுத்துக் கொடுத்தார். வாசல்வரை வந்தார். "சனிக்கிழமை வேலைக்கு வருவேன். எல்லோருக்கும் வைக்கிற மாதிரி உங்களுக்கும் தேநீர் வைப்பேன். இங்கே வராதீர்கள்."

வெயில் சாய்ந்திருந்தது. ஓடைக்கரைக்குப் போன ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள், லாரிகளில், மோட்டார் சைக்கிள்களில், அப்பன் தோளில் தூங்குகிற பிள்ளைகளோடு. நிறுத்தத்தில் பேருந்து நின்றது. அவன் ஏறவில்லை. அவள் கடைசியாகச் சொன்னதை எழுத்து எழுத்தாகப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தபடி நடந்தான். தெரியாத பாஷைதானே அவன் தொழில், எவ்வளவு நீளமான வாக்கியத்தையும் அர்த்தம் தெரியாமலே பிழையில்லாமல் அனுப்புகிறவன், யாராவது குர்துக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். எதிரே ஒரு குடும்பம் பாடிக்கொண்டு வந்தது, ஒதுங்கி வழிவிட்டான். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் முதல் இரண்டு அசைகளைத் தவிர எல்லாம் போய்விட்டிருந்தது. அந்த இரண்டையும் விட்டுவிடாமல் சொல்லிச் சொல்லிக்கொண்டே நடந்தான்.